வலிப்புக்குக் கஞ்சா எண்ணெயா?

கஞ்சா என்ற பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். போலீஸ், கோர்ட்டு, கெட்டுப்போன பிள்ளைகள், இவைதான் ஞாபகத்துக்கு வரும். "குடும்பப் பத்திரிகையில் எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா இவளுக்கு?" என்று சில சகோதரிகள் நினைக்கக் கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோயுள்ள குழந்தையை வளர்க்கும் தாய்மார்கள் நாலு பேர் கூடினால் இன்று பேச்சு இந்தச் செடியில் வந்து நிற்கிறது. ரகசியமாகப் பேசி, ரகசியமாக வாங்கி, ரகசியமாகக் குழந்தைக்குப் புகட்டுவதைவிட, வெளிச்சத்தில் வைத்துப் பேசிவிடுவது நல்லதல்லவா?

முட்டுக்காடு என்றதும் எல்லோருக்கும் படகுத் துறைதான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், அதே ஊரில், பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. மத்திய அரசு 2005-ல் ஏற்படுத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. என் தங்கையின் பேத்தியை அங்கேதான் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள். குழந்தைக்கு ஏழு வயது. எட்டாம் மாதத்தில் ஆரம்பித்த வலிப்பு, இன்னும் விட்டபாடில்லை. நடை தாமதம், பேச்சு தாமதம். இரண்டு மருந்து சாப்பிடுகிறாள். வால்ப்ரோயேட் சிரப், அத்துடன் குளோபஜாம் மாத்திரை. ஒரு நாள் துணைக்கு நானும் போயிருந்தேன்.

டிபன் காரியர், தண்ணீர் பாட்டில், மாற்று உடுப்பு வைத்த பை சகிதம் காத்திருக்கும் அந்தத் தாய்மார்களைப் பார்த்தால் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும். ஒருத்தியின் குழந்தைக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லி என்பது மற்றவளுக்கு மனப்பாடம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் என் தங்கை மகள் கைபேசியை நீட்டினாள்.

"பெரியம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன். கஞ்சாச் செடியில புதுசா ஒண்ணு இருக்காம். சி.பி.டி.வி.ன்னு பேரு. போதையே கிடையாதாம். வலிப்புக்கும் கேக்குமாம், ஆட்டிசத்துக்கும் கேக்குமாம். பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வரேன்னு இவரோட சிநேகிதர் சொல்றார். ஒரு புட்டி நாலாயிரம் ரூபா."

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டா திட்டுவாரோன்னு பயமா இருக்கு. விக்கிறவங்க போன்ல சொன்னாங்க, இதைக் கொடுக்க ஆரம்பிச்சதும் இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாமாம்."

கடைசியில் சொன்னாள் பாருங்கள், அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவையும் போய்ப் பார்த்தேன். குழந்தைகளின் மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்.

பழைய மூலிதான்

வலிப்புக்கு இந்தச் செடி என்பது ஒன்றும் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த புதுமை அல்ல. சித்த வைத்தியத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்றே ஒரு பெயர் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷானஸி என்ற ஐரிஷ் டாக்டர், பிறந்து நாற்பதே நாளான ஒரு பெண் குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் சாராயச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்து, 1839-ல் எழுதி வைத்தார். (இந்த மனிதர்தான் பிற்பாடு நம் நாட்டில் தந்திக் கம்பி போட்டவர்! அந்தக் காலத்தில் ஒரே ஆள் எத்தனை வேலை பார்த்திருக்கிறார்!)

ஆனால் செடி என்பது ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அதற்கே உரியவை என்று பிரித்தெடுத்திருக்கிறார்கள். போதை தருவது டி.எச்.சி. என்பது. போதை தராதது சி.பி.டி., அதாவது கன்னாபிடியால். இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கோலமும் அவருடைய சகாக்களும் 1963-ல் அதன் அமைப்பைக் கண்டு சொன்னார்கள். சி.பி.டி.வி. என்கிற கன்னாபிடிவாரின், இந்த சி.பி.டி.யின் தங்கை மாதிரி. 1969-லேயே இனம் கண்டுவிட்டார்கள். அக்காளுக்கு வாலில் ஐந்து கரி அணுக்கள், தங்கைக்கு மூன்று. வித்தியாசம் அவ்வளவுதான். செடியில் சாதாரணமாக மிகக் கொஞ்சமாகவே இருப்பதால் அக்காளுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

மிளகாய் அரைத்த கை எரிகிறதே, அந்த எரிச்சலை நரம்புக்குச் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. அதே வாசல் மூளையிலும் உண்டு. சி.பி.டி.வி. அந்த வாசலை முதலில் தட்டித் திறந்து, பிறகு மரத்துப்போகச் செய்வதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வலிப்பு என்பது மூளையின் நரம்புகள் கட்டுக்கடங்காமல் ஒரே சமயத்தில் மின்சாரம் பாய்ச்சுவது. வாசல் மரத்தால் அந்தப் பாய்ச்சல் அடங்கும் என்பது ஒரு யூகம். இன்னும் முடிவாகவில்லை. 2012-ல் இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

வெறும் மருந்தின் வேலை

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள பெரியவர்கள் 162 பேர். பாதிப் பேருக்கு சி.பி.டி.வி., மீதிப் பாதிக்கு அதே நிறம், அதே ருசியில் மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. எட்டு வாரம் ஆயிற்று. மருந்து சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு சுமார் 41 சதவீதம் குறைந்திருந்தது. பலே என்கிறீர்களா? வெறும் திரவம் சாப்பிட்டவர்களுக்கும் சுமார் 38 சதவீதம் குறைந்திருந்தது!

சகோதரிகளே, எனக்கு இந்த விஷயத்தில் மனதில் தைத்தது இந்த இரண்டு எண்கள்தான். ஒன்றுமே இல்லாததைச் சாப்பிட்டவருக்கு எப்படிக் குறையும்? டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

"நீங்க எப்ப புது மருந்தைத் தேடிப் போவீங்க? ரொம்ப மோசமா இருக்கிறப்பதானே? வலிப்பு ஒரே அளவா இருக்காது, அலை மாதிரி ஏறி இறங்கும். உச்சியில இருக்கிறப்ப எதைக் கொடுத்தாலும் அடுத்தது இறக்கம்தான். அந்த இறக்கத்துக்கான பேரை மருந்து தட்டிக்கிட்டுப் போயிடும்" என்றார். "அதோட, புதுசா ஒண்ணு ஆரம்பிச்ச வீட்டுல எல்லாரும் ஒழுங்கா இருப்பாங்க. பழைய மாத்திரையை வேளை தவறாம கொடுப்பாங்க, குழந்தையை நேரத்துக்குத் தூங்க வைப்பாங்க. அதுலயே பாதி குறையும்."

இதற்குப் பொருத்தமாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. கஞ்சா எண்ணெய் சட்டப்படி கிடைக்கிறது என்பதற்காகவே அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கொலராடோ மாநிலத்துக்குக் குடியேறின. அங்கே 75 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி 2015-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே அந்த ஊரில் இருந்த குடும்பங்களில் 22 சதவீதத்தினர்தான் எண்ணெயால் நல்ல குணம் என்றார்கள். வெளியூரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களில் 47 சதவீதத்தினர் அப்படிச் சொன்னார்கள். எண்ணெய் ஆளைப் பார்த்தா வேலை செய்யும்? வீட்டை விற்று, வேலையை விட்டு வந்த தாய்க்குக் குணம் தெரியாமல் போகுமா? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சி.பி.டி.வி.யைப் பற்றி நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ரெட் நோய் என்று பெண் குழந்தைகளுக்கு வரும் ஒரு பிறவி நோய் இருக்கிறது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று பேச்சையும் கைவேலையையும் மறந்துவிடும். வலிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட ஐந்து சிறுமிகளுக்கு ஆறு மாதம் சி.பி.டி.வி. கொடுத்தார்கள். ஐந்து பேருக்குமே வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது என்று 2022-ல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே வெறும் திரவம் சாப்பிட்ட கோஷ்டி கிடையாது. 162 பேர் கதையைப் படித்த பிறகு, இந்த ஐந்து பேர் கதையை எப்படி எடுத்துக்கொள்வது? மேலே ஆராய வேண்டிய விஷயம், அவ்வளவுதான். ஆட்டிசத்துக்கு என்கிறார்களே, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பெரிய ஆண்களுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்து, மூளையில் ரசாயனம் எப்படி மாறுகிறது என்று ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். மாற்றம் தெரிந்தது. ஆனால் ஸ்கேனில் மாற்றம் வேறு, குழந்தை நம் முகத்தைப் பார்த்து "அம்மா" என்பது வேறு.

அக்காளின் யோக்கியதை

அக்காளான சி.பி.டி.யின் கதை வேறு. 1980-லேயே பிரேசிலில் 15 நோயாளிகளை வைத்துச் சின்னதாக ஒரு சோதனை நடந்தது. மருந்து கிடைத்த எட்டுப் பேரில் நாலு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போயிற்று. ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 2013-ல் சார்லட் ஃபிகி என்ற கொலராடோச் சிறுமியை டி.வி.யில் காட்டிய பிறகுதான் பரபரப்பு. டிராவே நோய் என்ற கடுமையான பிறவி வலிப்பு அவளுக்கு, வாரத்துக்கு 300 தடவை வரும்.

அப்புறம் முறையாகச் சோதித்தார்கள். டிராவே நோயுள்ள 120 குழந்தைகளும் இளைஞர்களும் சேர்ந்த அந்தச் சோதனை 2017-ல் வெளிவந்தது. மாதத்துக்கு 12 தடவைக்கு மேல் வந்துகொண்டிருந்த பெரிய வலிப்பு, மருந்து சாப்பிட்டவர்களுக்கு 6-க்கு இறங்கியது. வெறும் திரவம் சாப்பிட்டவர்களுக்கு 15 என்பது 14 ஆனதோடு சரி. இங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? அதனால் 2018 ஜூனில் அமெரிக்க அரசு, டிராவே, லெனாக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 2020-ல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற இன்னொரு நோயையும் சேர்த்துக்கொண்டது. எல்லா வலிப்புக்கும் என்று சொல்லவில்லை. நூற்றில் ஐந்து பேருக்குத்தான் வலிப்பு முழுசாக நின்றது என்பதையும் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

இப்போது ஒரு மளிகைக் கணக்குப் போடலாம். அந்தச் சோதனையில் கொடுத்தது உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 20 மில்லிகிராம். எங்கள் வீட்டுக் குழந்தை 20 கிலோ. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வேண்டும். 300 மில்லிகிராம் என்று சீட்டு ஒட்டிய சின்னப் புட்டி வாங்கினால் சாயங்காலத்துக்குள் காலி! சொட்டு மருந்து மாதிரி நாக்கில் நாலு சொட்டு விட்டால் போதும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சி.பி.டி.வி. சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 800 வீதம் நாளைக்கு 1600 மில்லிகிராம் கொடுத்தும் வெறும் திரவத்தை ஜெயிக்க முடியவில்லை. அதற்கு எத்தனை நாலாயிரம் ரூபாய் ஆகும், நீங்களே பாருங்கள்.

சீட்டில் போட்டிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் தபாலில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளை வாங்கிப் பரிசோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். சீட்டும் சரக்கும் ஒத்துப்போனது 26-ல் மட்டுமே. 18-ல் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. போதை இல்லை என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம்!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு இது சேருவதுதான். 2017 சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 12 பேருக்கு ஈரல் கெட்டதற்கு அறிகுறியாக ரத்தத்தில் என்சைம் ஏறியது. அத்தனை பேரும் வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்கள். குளோபஜாமோடு சேர்ந்தாலோ அந்த மாத்திரையின் வீரியம் உடம்பில் தேங்கிக் குழந்தை தூங்கி வழியும். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு! டாக்டரிடம் சொல்லாமல் கொடுத்திருந்தால், குழந்தை ஏன் சோர்ந்து கிடக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எண்ணெயை நம்பி வால்ப்ரோயேட்டை நிறுத்திட்டு வந்த குழந்தைங்களைப் பார்த்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "வலிப்பு விடாம அடிச்சுக்கிட்டே வருவாங்க. மூச்சுக் குழாய் போட வேண்டியிருக்கும். புதுசா எதை வேணும்னாலும் கேளுங்க, நான் திட்ட மாட்டேன். பழசை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டப்படி செடியின் பூவும், பிசினும், பிசினிலிருந்து எடுத்த எண்ணெயும் குற்றம். தனி இலை அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறது. அந்தச் சந்தில்தான் 'விஜயா' என்ற பெயரில் இலைச் சாற்றை ஆயுர்வேத லைசென்ஸில் விற்கிறார்கள். அந்த இலையே வைத்தியர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய விஷச் சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது என்றால் குழந்தைகளின் வலிப்புக்குச் சோதித்துப் பார்த்தாயிற்று என்று அர்த்தமாகாது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரைப் பெட்டியில் போட்டு எடுத்து வரச் சொல்வது அவரைச் சுங்கத்தில் மாட்டிவிடுகிற வேலை.

வேறு வழி இல்லையா?

வலிப்புள்ள பத்துப் பேரில் ஏழு பேர் வரை சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலே வலிப்பில்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி மூன்று பேரில் ஒருத்தி நம் குழந்தையா என்று முதலில் தெரிய வேண்டும். மருந்து தவறுகிறதா, எடைக்குத் தகுந்த அளவா, வலிப்பின் வகைக்கு ஏற்ற மருந்துதானா என்று பார்த்த பிறகும் அடங்காவிட்டால், வேறு மருந்துகள் உண்டு. சிலருக்கு ஆபரேஷன் உண்டு. கீட்டோ உணவு என்று ஒரு பத்தியமும் உண்டு. சோற்றையும் சர்க்கரையையும் மிகமிகக் குறைத்து, நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், முட்டை என்று கொழுப்பிலேயே உடம்பை ஓட்டுவது. கிராம் கணக்கில் நிறுத்துப் போட வேண்டும். டாக்டரும் உணவு நிபுணரும் கூடவே இருந்தால்தான் செய்யலாம். அதுவும் வீட்டில் நாமே ஆரம்பிக்கக் கூடாத விஷயம்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது இன்னும் நம் வீடுகளில் போகவில்லை. இரும்பால் ஒன்றும் நிற்பதில்லை. தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது (அந்த வெறும் திரவத்தின் கதைதான் இதுவும்!). குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் தங்கை மகளுக்கு டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தேதி, மணி, எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம் இழுத்தது, முதல் நாள் தூக்கம் எப்படி, ஜுரம் உண்டா, மருந்து தவறியதா என்று எழுத வேண்டும். முடிந்தால் வீட்டுக்காரர் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். நோட்டோடு போய் அவளுடைய டாக்டரைப் பார்த்தார்கள். எண்ணெய் விஷயத்தையும் கேட்டாள். அவர் திட்டவில்லை. குழந்தையை நிறுத்துப் பார்த்தார். சிரப் அளவு அவள் 14 கிலோ இருந்தபோது எழுதியது. இடையில் இரண்டு தடவை ஊர் மாறியதில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அளவைக் கொஞ்சம் ஏற்றி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது ஆறு வாரக் கணக்கு நோட்டில் இருக்கிறது. முதல் வாரம் 9, போன வாரம் 4.

"குறைஞ்சிருக்கேடீ!" என்றேன் சந்தோஷத்தோடு.

"இருங்க பெரியம்மா, இதுவும் அந்த அலையோட இறக்கமா இருந்தா? இன்னும் ரெண்டு மாசம் எழுதிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, நோட்டை வாங்கி மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.